தீக்காய வலிக்குக் கற்றாழையா, தேனா, வெள்ளைக் களிம்பா?

மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது இது: அம்மாவுக்கு 58 வயது. முறுக்கு சுடும்போது வாணலி சரிந்து, கொதி எண்ணெய் வலது முன்கையிலும் புறங்கையிலும் கொட்டிவிட்டது. ஆறு நாள் ஆகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் அரசாங்கக் கிளினிக்கில் வெள்ளைக் களிம்பு பூசிக் கட்டுகிறார்கள். பழைய கட்டைப் பிரிக்கும்போது அம்மா துடிக்கிறார். முந்தின இரவே பயத்தில் தூக்கம் போய்விடுகிறது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா கற்றாழை, தேன், காமாட் (கடல் அட்டை) எண்ணெய் என்று மூன்று மருந்து சொல்கிறார். இதில் எது வலியைக் குறைக்கும், கிளினிக்கில் சொல்லாமல் போடலாமா? கேள்வியில் மூலிகை முன்னால் நின்றாலும், தம்பிக்கு வேண்டியது அம்மா அழாமல் கட்டு மாற்றிக்கொண்டு வர ஒரு வழி என்றுதான் எனக்குப் படுகிறது. அந்த வழியை முதலில் சொல்லிவிட்டு மூலிகைக்கு வருகிறேன்.

நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராகத் தொடங்கி, அப்புறம் அரசாங்க மருத்துவமனையின் அறுவை வார்டில் எம்.ஏ.வாக, அதாவது மருத்துவ உதவியாளராக, ஓய்வு பெறும்வரை இருந்தவன். கட்டு மாற்றுவதுதான் பெரும்பாலும் என் வேலை. கொதிநீர், எண்ணெய், மோட்டார் சைக்கிள் புகைக்குழாய், செம்பனை ஆலை நீராவி, ரப்பர் பாலை உறைய வைக்கும் அசிட், தீபாவளி வெடி, தீமிதியில் தடுக்கி விழுந்தவர்கள் என்று எல்லா வகையையும் கழுவிக் கட்டியிருக்கிறேன். ஆனால் நான் தீக்காயச் சிறப்பு மருத்துவர் இல்லை. அம்மாவின் கையைப் பார்க்கவும் இல்லை. காயத்தின் ஆழத்தைப் படத்தில் பார்த்துச் சொன்னால் கைதேர்ந்தவர்களுக்கே தவறும். அதனால் கீழே எழுதுவதைக் கிளினிக்கில் பேசுவதற்கான விவரமாக எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே போவதை நிறுத்த இதைக் காரணம் காட்டவேண்டாம்.

வலிக்கிறது என்பதே ஓரளவு நல்ல சேதிதான். தோலின் மேல்பகுதி மட்டும் வெந்திருந்தால் அடியில் நரம்பு முனைகள் உயிரோடு இருக்கும். மேலே இருந்த மூடி போய்விட்டதால் காற்றுப் பட்டாலும் சுள்ளென்று இருக்கும். தோல் முழுவதும் வெந்துபோன ஆழமான காயத்தில் அந்த நரம்புகளும் செத்துவிடுவதால் நடுப்பகுதி மரத்துக் கிடக்கும். வெளுத்து, தோல்பட்டை மாதிரி விறைத்து, குத்தினாலும் தெரியாத காயத்தைப் பார்த்து "வலியே இல்லை, லேசான காயம்தான்" என்று வீட்டிலேயே வைத்திருந்து தாமதமாகக் கொண்டுவந்த குடும்பங்கள் நிறைய. நீரிழிவில் நரம்பு மரத்துப்போனவர்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அவர்களுக்கு லேசான காயமும் வலிக்காமல் இருக்கலாம்.

அம்மாவுக்கு இருப்பது இரண்டு வலி. சும்மா இருக்கும்போது உள்ள எரிச்சல் ஒன்று, கட்டுப் பிரிக்கும்போது வரும் வலி இன்னொன்று. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. முதலாவதற்குக் காயத்தைக் காற்றுப் படாமல் மூடி ஈரப்பதமாக வைப்பதும், கையைத் தலையணை மேல் நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி வைப்பதும்தான் பாதி மருந்து. கை தொங்கினால் வீக்கம் ஏறும், வீக்கம் ஏறினால் விண்விண்ணென்று தெறிக்கும். கட்டியிருக்கிறதே என்று விரலை அசைக்காமல் வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். புறங்கைக் காயத்தில் விரல் விறைத்துவிட்டால் அந்தத் தொல்லை புண் ஆறிய பிறகும் விடாது.

இரண்டாவது வலிக்கு முக்கியமான விஷயம் நேரம். பெரும்பாலானவர்கள் வலி மாத்திரையைக் கட்டு மாற்றி வீட்டுக்கு வந்த பிறகு விழுங்குகிறார்கள். வேண்டியது அதற்கு முன்னால். பாராசிட்டமால் விழுங்கினால் வேலை செய்ய அரைமணி முதல் ஒருமணி நேரம் பிடிக்கும். ஆகவே எண் கூப்பிடுவதற்கு முக்கால் மணி, ஒரு மணி நேரத்துக்கு முன்பே 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு உள்ளே போயிருக்கவேண்டும். 24 மணி நேரத்தில் எட்டு மாத்திரைக்கு மேல் போகக்கூடாது. உடல் மெலிந்தவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் இன்னும் குறைவு. கிளினிக் கொடுத்த மாத்திரையிலேயே பாராசிட்டமால் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், இரட்டிப்பாகிவிடும். அது போதவில்லை என்றால் ஐபுபுரோஃபென் போன்றதைச் சேர்ப்பார்கள். ஆனால் 58 வயதில் சிறுநீரகம், வயிற்றுப்புண், இரத்த அழுத்த மாத்திரை எல்லாம் விசாரித்துத்தான் கொடுப்பார்கள், பசார் கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். அதற்கும் மேலே டிராமடோல் இருக்கிறது. பெரிய மருத்துவமனைகளில் பாதி ஆக்சிஜன், பாதி நைட்ரஸ் ஆக்சைடு கலந்த வாயுவை நோயாளியே முகமூடி பிடித்து உறிஞ்சிக்கொண்டிருக்க, நாங்கள் கட்டை மாற்றுவோம்; பெரிய காயங்களுக்கு மார்ஃபின், கெட்டமைன் வரை போகும். கவுண்டரில் "ஊபாட் தாஹான் சாக்கிட்" (வலி தாங்கும் மருந்து) முன்கூட்டியே வேண்டும் என்று கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. நம் ஆட்கள், முக்கியமாக நம் அம்மாமார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கூட்டத்தில் மிஸ்ஸியும் (நர்சும்) இவருக்குத் தாங்குகிறது போல என்று வேலையை முடித்துவிடுவார்.

அப்புறம், கட்டைக் காய்ந்தபடி பிய்த்து எடுக்கக் கூடாது. தட்டில் காய்ந்து ஒட்டிய சோற்றை ஊறவைத்துத்தானே எடுக்கிறோம், அதே கதை. சலைன் (மருத்துவ உப்புநீர்) அல்லது சுத்தமான வெதுவெதுப்பான நீர் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டால் துணி தானாகக் கழன்று வரும். நேரம் இல்லை என்று அவசரப்படும் இடத்தில், "நான் வெளியே உட்கார்ந்து நனைத்துக்கொள்கிறேன், கடைசியாகக் கூப்பிடுங்கள்" என்று அம்மாவே கேட்கலாம். நான் வேலையில் இருந்தபோது அப்படிக் கேட்டவர்களிடம் எனக்குக் கோபம் வந்ததில்லை, என் வேலையும் சுலபமானது.

இனி அந்த வெள்ளைக் களிம்பு. அது பெரும்பாலும் ஒரு சதவீத சில்வர் சல்ஃபாடயசின். 1968-ல் அமெரிக்காவில் சார்ல்ஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவர் கொண்டுவந்தது. கிருமியால் தீக்காயக்காரர்கள் செத்துக்கொண்டிருந்த காலத்தில் அது பெரிய வரம். பூசும்போது குளுகுளுவென்றுதான் இருக்கும். வலி வருவது மறுமுறை, அது காயத்து நீரோடு சேர்ந்து சாம்பல் நிறப் படலமாகப் படிந்துவிடுவதால் சுரண்டிக் கழுவ வேண்டியிருக்கும்போது. அந்தப் படலம் காயத்தின் ஆழத்தையும் மறைக்கும். ஆழமில்லாத காயங்களில் பல நாள் ஒட்டாமல் இருக்கும் புதுவகைக் கட்டுகளோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் இந்தக் களிம்பு ஆறும் வேகத்திலும் வலியிலும் பின்தங்கியே வந்திருக்கிறது. இதனால் கிளினிக் செய்வது தவறு என்று ஆகிவிடாது. மலிவாக, எல்லா இடத்திலும் கிடைக்கிற மருந்து அது. ஆனால் ஆறு நாள் ஆகிவிட்ட, சீழில்லாத காயத்துக்கு "ஒட்டாத கட்டு ஏதாவது போட முடியுமா, சிலிக்கோன் பூசிய நுரைக்கட்டு இருக்கிறதா" என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்றால் அம்மா அழும் தடவைகளே பாதியாகிவிடும். கிளினிக்கில் இல்லாவிட்டால் ஃபார்மசியில் வாங்கிக் கொடுத்துப் போடச் சொல்லலாம், விலை கொஞ்சம் கூடத்தான். இன்னொன்று: இந்தக் களிம்பில் சல்ஃபா இருப்பதால் சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கும், பிரசவம் நெருங்கிய பெண்களுக்கும், இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் போடுவதில்லை. ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவது) உள்ளவர்களுக்குப் பெரிய பரப்பில் போட்டால் இரத்த அணு உடையலாம். மலேசியாவில் பிறந்த குழந்தைக்குத் தொப்புள்கொடி இரத்தத்திலேயே இதைப் பார்த்துவிடுகிறார்கள். அம்மா தலைமுறைக்கு அது தெரிந்திருக்காது, பிள்ளைகளில் யாருக்காவது இருந்தால் சொல்லிவையுங்கள்.

பெரியம்மா சொன்ன மூன்றில் எனக்கு அதிக நம்பிக்கை உள்ளது தேன். தேனில் நீர் குறைவு, அதனால் கிருமியிலிருந்து நீரை உறிஞ்சிவிடும். அமிலத்தன்மை இருக்கிறது. தேனீ சேர்க்கும் ஒரு நொதி, காயத்து ஈரம் பட்டதும் மெல்ல மெல்ல ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது. பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2015 மறுஆய்வு, ஆழமில்லாத தீக்காயங்கள் தேன் கட்டில் வழக்கமான கட்டுகளைவிட நான்கைந்து நாள் முன்னதாக ஆறுகின்றன என்று சொல்கிறது. மூலிகை மருத்துவத்தில் இந்த அளவுக்குத் தெளிவான முடிவு அபூர்வம். ஆனால் அது ஆறும் வேகத்தைப் பற்றிய முடிவு. வலியைப் பொறுத்தவரை தேன் இரண்டு பக்கமும் பேசும்: ஈரமாக வைத்து ஒட்டாமல் செய்வதால் பிரிக்கும்போது வலி குறையும், அதே அமிலத்தன்மையால் போட்டவுடன் சிலருக்கு நன்றாக எரியும், கொஞ்ச நேரத்தில் அடங்கும். அடங்கவில்லை என்றால் கழுவிவிட வேண்டியதுதான்.

எந்தத் தேன் என்பது முக்கியம். ஆய்வுகளில் மருத்துவத் தேனைக் காமா கதிரால் சுத்தப்படுத்திப் பயன்படுத்துகிறார்கள். சூடாக்கிச் சுத்தம் செய்தால் அந்த நொதி கெட்டுவிடும். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) போத்தலில் விற்கும் தேனில் எவ்வளவு தேன், எவ்வளவு சீனிப்பாகு என்று விற்பவருக்கே நிச்சயம் இருக்காது. அசல் காட்டுத் தேனிலும் மண்ணில் வாழும் கிருமிகளின் வித்துகள் இருக்கலாம். கெடா காடுகளில் வானளாவிய துவாலாங் மரங்களில் மலைத்தேனீ கட்டும் கூட்டிலிருந்து எடுக்கும் துவாலாங் தேனைப் பற்றி நம் யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழக) ஆட்கள் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள், பெருமைப்பட வேண்டிய வேலை. ஆனால் தீக்காயத்தில் அவர்கள் காட்டியது பெரும்பாலும் எலிகளில். கொட்டாத சிறு தேனீயின் கெலுலுட் தேன் நீர்த்தன்மை அதிகமானது, அதைப் புண்ணில் போடுவதற்கு நான் சம்மதிக்கமாட்டேன். ஃபார்மசியில் டியூப்பில் வரும் மருத்துவத் தேனை வாங்கிக் கிளினிக்கில் காட்டிப் போடச் சொல்வது சரியான வழி. குடிக்கிற தேனைக் கரண்டியால் எடுத்துக் காயத்தில் ஊற்றுவது வேறு காரியம்.

கற்றாழைக்கு வருவோம். 2007-ல் நான்கு ஆய்வுகளை, மொத்தம் 371 பேரை, சேர்த்துப் பார்த்த ஒரு மறுஆய்வில், கற்றாழை போட்டவர்களுக்குச் சராசரியாக ஒன்பது நாள் அளவுக்கு முன்னதாக ஆறியிருக்கிறது. கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் ஒரு இடத்தில் கற்றாழையின் பச்சைச் சோறு (உள்ளிருக்கும் சதை), இன்னொரு இடத்தில் கிரீம், வேறொரு இடத்தில் பொடி என்று ஆளுக்கொன்று போட்டிருக்கிறார்கள். ஒப்பிட்ட மருந்தும் வேறு வேறு. எதையும் ஒட்டுமொத்தமாக முடிவு கட்ட அது போதாது. கற்றாழைச் சோற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தண்ணீர், அது ஆவியாகும்போது குளிரும், எரிச்சல் தணியும். வெயிலில் கன்றிய தோலுக்கும், கொப்புளம் இல்லாமல் சிவந்த சின்னச் சூட்டுக்கும் நானே வீட்டில் பயன்படுத்துகிறேன். தோல் உரிந்து திறந்திருக்கும் காயத்துக்குப் பூந்தொட்டியிலிருந்து வெட்டி வைப்பதைத்தான் தடுக்கிறேன். மண்ணில் இருந்த மடல், சமையல் கத்தி, கழுவாத கை, மூன்றும் சேர்ந்து காயத்துக்குள் போகிறது. தோலுக்கு அடியில் வடியும் மஞ்சள் பாலைச் சரியாகக் கழுவாவிட்டால் அரிப்பும் தடிப்பும் வேறு. கடையில் விற்கும் பச்சை நிற ஜெல்லில் வாசனையும் ஆல்கஹாலும் கலந்திருக்கும். திறந்த காயத்தில் அது பட்டால் அம்மா இப்போது அழுவதைவிட அதிகமாக அழுவார்.

நம் வீட்டுப் பொருளில் என்னை வியக்கவைத்தது வாழை இலைதான், பெரியம்மா அதைச் சொல்லவே இல்லை. மும்பையில் தீக்காய மருத்துவர்கள் காசில்லாத நோயாளிகளுக்காக 1980-களில் அவித்த உருளைக்கிழங்குத் தோலைக் கட்டாகப் போட்டுப் பார்த்தார்கள். 2003-ல் அதே ஊரில் வாழை இலையை எடுத்து, துணியில் ஒட்டி, நீராவிக் கலனில் சுத்தப்படுத்திக் கட்டினார்கள். ஒட்டுத்தோல் எடுத்த இடத்தில் வாசலின் தடவிய துணியைவிட வாழை இலை வலியில்லாமல் கழன்றுவந்தது. தீக்காயத்தில் உருளைத்தோலுக்கு இணையாக வேலை செய்தது, செய்வதும் சுலபம். இலையில் மருந்து ஒன்றும் இல்லை. வழவழப்பாக இருக்கிறது, ஒட்டவில்லை, ஈரத்தை விடவில்லை, அவ்வளவுதான். தீக்காய வலியில் பாதி எங்கே இருக்கிறது என்பது இதிலிருந்தே தெரிகிறது: காயத்தோடு ஒட்டிக்கொள்ளும் துணியில். இதைப் படித்துவிட்டுத் தோட்டத்து இலையை அப்படியே அறுத்து வைத்துக் கட்டவேண்டாம், சுத்தப்படுத்தாத இலை வெறும் இலைதான்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வல்லாரை, அதாவது இங்கே ஊலாமாக (பச்சையாகத் தின்னும் கீரையாக) உண்ணும் பெகாகா, அதன் சாற்றில் செய்த களிம்பை ஈரானில் 75 பேரிடம் வெள்ளைக் களிம்போடு ஒப்பிட்டு 2017-ல் வெளியிட்டார்கள். வலியும் ஆறும் நாளும் குறைந்தன. ஒரே ஓர் ஆய்வு, அதுவும் தயாரித்த களிம்பு, அம்மியில் அரைத்த இலை அல்ல. சீன மருந்துக்கடைகளிலும் ஃபார்மசியிலும் விற்கும் மெபோ களிம்பின் அடிப்படை நல்லெண்ணெயும் தேன்மெழுகும்தான், மூன்று சீன மூலிகைகள் அதில் ஊறியிருக்கும். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் நடத்திய சோதனையில் முதல் சில நாள் வலி சற்றுக் குறைந்தது, அதற்குப் பிறகு பெரிய வித்தியாசம் இல்லை. டாக்டர் சம்மதித்தால் போடலாம். காமாட் எண்ணெய் கடல் அட்டையிலிருந்து வருவது; லங்காவியில் அதற்கென்றே கடைகள் இருக்கின்றன, ஆனால் திறந்த தீக்காயத்துக்கு அதைச் சிபாரிசு செய்ய மனிதர்களிடம் நடந்த தகுந்த சோதனை இல்லை, போத்தலுக்குப் போத்தல் சரக்கும் மாறும். மஞ்சள் ஆய்வுக்கூடத்தில் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது. காயத்தில் போட்டால் நிறம் ஏறி, டாக்டருக்கு ஆழம் தெரியாமல் போகிறது. கிச்சாப்பு (சோயா சாஸ்), பற்பசை, முட்டை வெள்ளை, மாவு, மினியாக் அங்கின் (தைலம்) எதுவும் வேண்டாம், விவாதமே இல்லை. பப்பாளியும் அன்னாசித் தண்டும் செத்த தோலைக் கரைக்கும் நொதி கொண்டவை. அன்னாசியிலிருந்து செய்த மருந்து ஒன்றை ஐரோப்பாவில் 2012-ல் அனுமதித்தார்கள். ஆனால் அதைப் போடும்போது வலி கடுமையாக இருக்கும் என்பதால் வலி தெரியாமல் செய்துவிட்டுத்தான் போடுகிறார்கள். செடியிலிருந்து வந்தால் மென்மையாகத்தான் இருக்கும் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

காயத்தில் படாத வைத்தியமும் உண்டு. லாவெண்டர் எண்ணெயை முகரவைத்தால் கட்டு மாற்றிய பின் வலி குறைந்ததாக ஈரானில் சின்னச் சின்ன ஆய்வுகள் வந்தன. வாசனையை மறைத்துச் சோதிக்க முடியாது, ஆகவே முடிவு சந்தேகத்துக்கு உரியது, கெடுதலும் இல்லை. கவனத்தைத் திருப்புவதற்கு இதைவிட வலுவான ஆதாரம் இருக்கிறது: சியாட்டிலில் தீக்காயக்காரர்களுக்கு மெய்நிகர் காட்சிக் கண்ணாடி மாட்டி, கணினி காட்டும் பனி உலகத்தில் பனிப்பந்து எறிய வைத்துக் கட்டு மாற்றினார்கள், வலி நன்றாகவே குறைந்தது. நம்மிடம் அந்தக் கருவி இல்லை. காதில் பழைய பாட்டை மாட்டிவிட்டு, காயத்தைப் பார்க்காதபடி முகத்தைத் திருப்பி, பக்கத்தில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கலாம். எல்லாரும் சுற்றி நின்று "ஐயோ, ஐயோ" என்றால் வலி கூடும்.

இன்னும் ஒரு வாரத்தில் வலி போய் அரிப்பு ஆரம்பிக்கும், அதற்கும் தயாராக இருங்கள். தோல் முழுதாக மூடிய பிறகு, அதற்கு முன் வேண்டாம், தேங்காயெண்ணெய் அல்லது வாசனையில்லாத கிரீமைத் தடவி மெல்ல நீவலாம். அப்போது கற்றாழை ஜெல்லும் வந்துபோகட்டும். அரிப்பு தூக்கத்தைக் கெடுத்தால் மாத்திரை இருக்கிறது. வெயில் படாமல் கையை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள், இல்லையென்றால் அந்த இடம் கறுத்துவிடும்.

படிக்கும் மற்றவர்களுக்கு: சுட்டவுடன் செய்யவேண்டியது ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுவது, மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு. ஐஸ் வேண்டாம். மோதிரம், வளையலை வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். ரப்பர் பாலை உறையவைக்கும் அசிட் தெறித்தாலும் தண்ணீர்தான், இன்னும் அதிக நேரம். அதன் மேல் எந்த எண்ணெயும் தடவக்கூடாது.

கிளினிக்குக்குத் தெரியாமல் போடலாமா என்ற கேள்விக்கு: வேண்டாம். திட்டுவார்கள் என்ற பயம் புரிகிறது, சில இடங்களில் திட்டவும் செய்வார்கள். ஆனால் மேலே என்ன பூசியிருக்கிறது என்று தெரியாமல் பச்சையாகவோ மஞ்சளாகவோ ஒரு காயத்தைப் பார்த்தால், அது சீழா மருந்தா என்று எங்களால் சொல்ல முடியாது. சந்தேகத்தில் இன்னும் அதிகமாகச் சுரண்டிக் கழுவுவோம், வலி அம்மாவுக்குத்தான். நாளைக்குப் போகும்போது மாத்திரையை முன்பே கொடுத்துவிட்டு, டியூப் தேனையோ ஒட்டாத கட்டையோ கையில் எடுத்துப் போய்க் கேளுங்கள், டெட்டனஸ் ஊசி போட்டாகிவிட்டதா என்றும் கேளுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் அதற்கான சிகிச்சைப் புத்தகத்தையும் கொண்டுபோங்கள். குறைந்துவந்த வலி திரும்ப ஏறினாலோ, காயத்தைச் சுற்றிச் சிவப்புப் பரவினாலோ, நாற்றம், காய்ச்சல், விரல் நுனி மரத்தல் எது வந்தாலும் கட்டு மாற்றும் நாள் வரை காத்திருக்காமல் அன்றைக்கே போய்விடுங்கள். இரண்டு வாரத்தில் தோல் மூடும் அறிகுறி இல்லையென்றால் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள். புறங்கை என்பதால் அந்தக் கடிதத்தை இப்போதே கேட்டாலும் யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.